சங்கரபாண்டியின் கம்ப்யூட்டர் கிளம்பாத நாள்

டயர் கடைக்கு மேலே ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே பாடம் நடக்கும். சொல்லிக்கொடுப்பவர் சுடர்க்கொடி. வயது இருபத்தொன்பது. பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளர். கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

பாடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. யாரோ தூக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டர்கள் வரும். தூசி தட்டி, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் சிஸ்டத்தை அதில் ஏற்றி, வாங்க வழியில்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான்.

வந்தவர்களில் மூத்தவர் தவசிலிங்கம். ஐம்பத்திரண்டு வயது. நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். மில்லை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா கிடந்தவர் ஒருநாள் படியேறி வந்தார், அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை.

அவருக்குப் பொறுமை கிடையாது. இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. மில்லில் இழை அறுந்தால் அடுத்த நொடி ஒட்டியாக வேண்டும். ஏன் அறுந்தது என்று யோசித்துக்கொண்டு நின்றால் மேஸ்திரி வந்து நிற்பான். அந்தக் கை அப்படியே கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. திரையில் ஏதாவது கேள்வி வந்தால் வாசிக்கமாட்டார். என்டரைத் தட்டுவார். மறுபடி கேட்டால் மறுபடி தட்டுவார்.

பத்துக்கு ஒன்பது தடவை அது ஓடிவிடும். அதுதான் கெடுதல்.

மில்லில் அவரோடு ஒரே ஷிப்ட் பார்த்தவர் சங்கரபாண்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்கரபாண்டிக்கு நரம்பு நோய் வந்தது. முதலில் செருப்பு கழன்றது, மாட்ட முடியவில்லை. பிறகு கால். பிறகு கை. பிறகு நாக்கு. நோய் புத்தியைத் தொடவில்லை, வலி தெரிவதையும் தொடவில்லை. அசைவதை மட்டும் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டு போனது. கடைசியில் வலது கை ஆள்காட்டி விரலும் கண் இமையும்தான் மிச்சம்.

சுடர்க்கொடியும் தவசிலிங்கமும் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் செய்து கொடுத்தார்கள். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிரும். விரலுக்கு அடியில் ஒரு பொத்தான். வேண்டிய எழுத்து ஒளிரும்போது தட்டினால் அது ஏறும். சொல் முடிந்ததும் கம்ப்யூட்டர் வாய்விட்டுச் சொல்லும். பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் சொல்லுமே, அந்தக் குரல்.

சங்கரபாண்டி அதில் சொன்ன முதல் வாக்கியம்: "மாப்ள, உன் சட்டை கேவலமா இருக்கு."

ஆனால் மிஷின் பழசு. எழுத்தைத் தட்டினால் மூன்று நொடி கழித்துத்தான் ஏறும். ஒருநாள் சங்கரபாண்டி தட்டினார்: "இந்த வேகத்தில் போனால் என் சாவுச் செய்தியை நான்தான் சொல்வேன்."

தவசிலிங்கம் டீச்சரிடம் போனார்.

"புது சிஸ்டம் ஏத்திருவோம் டீச்சர். ரெண்டு மணி நேர வேலை. பறக்கும்."

"அவருக்கு இன்னொரு கம்ப்யூட்டர் தயார் பண்ணிக் கொடுத்துட்டு, அப்புறம் இதத் தொடுங்க அண்ணே."

"எதுக்கு டீச்சர்? இதுவே போதுமே."

சுடர்க்கொடி கையை நீட்டினார். "உங்க கண்ணாடியக் குடுங்க."

கழற்றிக் கொடுத்தார். டீச்சர் அதை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"இதவிட நல்லதா ஒண்ணு வாங்கித் தர்றேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க."

"அதுவரைக்கும் நான் எப்படி டீச்சர் வீட்டுக்குப் போவேன்?"

டீச்சர் டிராயரைத் திறந்து கண்ணாடியைக் கொடுத்துவிட்டார். தவசிலிங்கம் சிரித்தார். நல்ல தமாஷ் என்று வீட்டில் போய்ச் சொல்லவும் செய்தார்.

அந்த வாரம் டாக்டர் சங்கரபாண்டியைப் பார்த்தார். மூச்சு இனி அதிக நாள் தாங்காது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால் மூச்சு மிஷினில் இருக்கலாம். ஒரு வருஷமோ, கூடவோ. ஆனால் மிஷினை விட்டு நகர முடியாது, ஆஸ்பத்திரியைவிட்டும் வர முடியாது. வைக்காவிட்டால் சில நாள். மதுரையில் ஒரு படுக்கை திங்கட்கிழமை சாயங்காலம்வரை பிடித்து வைத்திருக்கிறது.

"முடிவ அவர்தான் சொல்லணும். நீங்க இல்ல," என்று சீனியம்மாளிடம் சொன்னார். சீனியம்மாள் சங்கரபாண்டியின் மனைவி. "திங்கட்கிழமை நாலு மணிக்கு வர்றேன். அவர் வாயால கேட்டுக்கிறேன்."

'திங்கள் சொல்கிறேன்' என்று சங்கரபாண்டி தட்டினார்.

இவ்வளவு பெரிய பேச்சை இந்த நொண்டி மிஷினில் பேசுவதா என்று தவசிலிங்கத்துக்கு இருந்தது. சனிக்கிழமை பென்டிரைவோடு போனார். டீச்சரிடம் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டார். எழுத்து தட்டியதும் ஏறியது.

"மாப்ள," என்றது மிஷின், "இப்ப நான் பேசுறதுக்கு முன்னாடி யோசிக்கணும் போல."

எல்லாரும் சிரித்தார்கள். தவசிலிங்கம் பென்டிரைவை உருவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஞாயிறன்று அதே பென்டிரைவை அழித்து, வேறொருவருக்காகப் புதிதாக எழுதினார்.

ஞாயிறு சாயங்காலம் தெருவில் கரண்ட் போனது. மிஷின் அணைந்தது. கரண்ட் வருவதற்குள் சங்கரபாண்டி தூங்கிவிட்டார். எழுப்ப வேண்டாம் என்று யாரும் மிஷினைப் போடவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கு சீனியம்மாள் போன் செய்தாள்.

"அண்ணே, பொட்டி கறுப்பா நிக்குது. ஒரே ஒரு வரி வெள்ளையா இருக்கு. வேற ஒண்ணும் வரல."

தவசிலிங்கம் சைக்கிளில் பறந்தார். அணைத்துப் போட்டார். கறுப்பு. ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். கறுப்பு. செட்டிங்கில் நுழைந்து எதையெதையோ மாற்றினார். கறுப்பு, ஒரு வெள்ளை வரி.

சங்கரபாண்டி கட்டிலில் மல்லாந்து கிடந்தார். விரலுக்கு அடியில் பொத்தான் அப்படியே இருந்தது. கம்ப்யூட்டர் ஓடாவிட்டாலும் பொத்தான் சத்தம் போடும்.

டக். டக் டக். டக்.

"இருடா மாப்ள, வந்துரும்," என்றார் தவசிலிங்கம், திரும்பாமல்.

ஒன்பது மணிக்குத்தான் டீச்சருக்குப் போன் செய்தார். செய்ததைச் சொல்ல நாக்குக் கூசியது. மிஷின் கிளம்பவில்லை என்று மட்டும் சொன்னார்.

"திரையில என்ன எழுதியிருக்கு?"

"ஏதோ ஒரு வரி டீச்சர். இங்கிலீஷ்ல."

"வாசிங்க."

"வாசிச்சு என்ன ஆகப்போகுது? ஓடலன்னுதான் போட்டிருக்கும்."

டீச்சர் திரையைப் பற்றி மேலே கேட்கவில்லை.

"அவரு என்ன சொல்றாரு?"

"யாரு?"

"சங்கரபாண்டி."

"அவன் என்னத்தச் சொல்லுவான் டீச்சர்? மிஷின்தான் ஓடலியே!"

"நான் லீவு சொல்லிட்டு வர்றேன்," என்று டீச்சர் வைத்துவிட்டார்.

பத்து மணிக்கு சீனியம்மாள் கட்டிலருகே போய் நின்றாள். அவளுக்கும் பொறுமை போய்விட்டது.

"ஏங்க. குழாய் வச்சுருவோமா? சரின்னா ஒரு தட்டு தட்டுங்க."

டக். டக் டக். டக் டக் டக்.

"அண்ணே! சரிங்கறாக!"

"ஒரு தட்டுன்னுதானம்மா சொன்ன?"

"ஒண்ணுக்கு ஆறு தரம் சரிங்கறாகண்ணே. பொழைக்கணும்னு இருக்கு அவுகளுக்கு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மதுரைக்குக் கொண்டுபோகத் துணிமணி எடுத்துவைக்கப் போனாள்.

தவசிலிங்கமும் சரி என்றுதான் நினைத்தார். நினைக்கப் பிடித்தது. என்றாலும் டாக்டர் வாயால் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாரே. மிஷின் ஓடியாக வேண்டும்.

மறுபடி முதலிலிருந்து ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தார். பென்டிரைவைச் சொருகினார். ஆரம்பித்து முக்கால்வாசி போனதும் கரண்ட் போனது. திரும்ப வந்ததும் திரும்ப ஆரம்பித்தார். கேள்விகள் வந்தன. என்டர். என்டர். என்டர்.

டக் டக். டக். டக் டக்.

"சும்மா இருடா! தட்டித் தட்டி எனக்குக் கை ஓட மாட்டேங்குது!"

இதை அவர் சொல்லத்தான் செய்தார். மறைப்பதற்கில்லை.

சுடர்க்கொடி வரும்போது மணி ஒன்று இருபது. பாலிடெக்னிக்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வாசலில் செருப்பைவிட்டு உள்ளே வந்தார். டக் டக். டக். தவசிலிங்கம் எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார், மிஷினுக்கு எதிரே.

"பாருங்க டீச்சர். எழுபது சதவீதம் ஏறிருச்சு."

டீச்சர் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், நான் சனிக்கிழமை உங்ககிட்டச் சொல்லாம..."

"தெரியும். ஒரு பேனா குடுங்க."

சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. கழற்றி, போன மாதத் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினார். உயிரெழுத்து ஒரு வரிசை. மெய்யெழுத்து மூன்று வரிசை. தாளை சங்கரபாண்டியின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"அண்ணே, நான் வரிசை வரிசையாச் சொல்லுவேன். உங்க வரிசை வந்தா ஒரு தட்டு. அப்புறம் அந்த வரிசையில எழுத்து எழுத்தாச் சொல்லுவேன். உங்க எழுத்து வந்தா ஒரு தட்டு. சரியா?"

டக்.

ஒரே ஒரு டக். காலையிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் ஒற்றைத் தட்டு அதுதான். தவசிலிங்கம் திரையிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"மொத வரிசை... ரெண்டாவது வரிசை..."

டக்.

"க்..."

டக்.

மெதுவாகப் போனது. டீச்சர் ஒவ்வொரு எழுத்துக்கும் பிறகு மூச்சு இழுத்துவிடும் நேரம் காத்தார். சில இடத்தில் விரல் எழுந்து பாதியில் நின்றது. அப்போதும் காத்தார். ஆறு நிமிஷம் ஆனது. தாளின் ஓரத்தில் ஒரு சொல் இருந்தது.

கால்.

"காலா?" என்றார் தவசிலிங்கம். "காலுக்கு என்ன?"

டீச்சர் எழுந்துபோய்ப் போர்வையைத் தூக்கினார்.

விடியற்காலையில் சீனியம்மாள் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தபோது வலது குதிகால் மெத்தைக்கு வெளியே போய்விட்டது. மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவில், இரும்பு விளிம்பின் மேல், காலின் கனம் முழுக்க அங்கே இருந்தது. தோல் உரிந்து, விரிப்பில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் மட்டும் ஈரம்.

ஏழு மணி நேரம்.

சீனியம்மாள் வந்து பார்த்தாள். பிறகு நெற்றியில் உள்ளங்கையால் அடித்துக்கொண்டாள், ஒருமுறை, இரண்டுமுறை. டீச்சர் கையைப் பிடித்தார்.

"சரி சரிங்கறாகன்னு நெனச்சனே. பாவி நான், பெட்டிக்குள்ள சேலைய மடிச்சு வச்சுக்கிட்டிருந்தனே."

தண்ணீர் தொட்டுத் தொட்டு விரிப்பைப் பிரித்து எடுத்தார்கள். மருந்து போட்டுத் துணி சுற்றி, காலைத் தலையணைமேல் வைத்தார்கள். சங்கரபாண்டியின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. அதையும் துடைக்க ஒரு ஆள் வேண்டும். தவசிலிங்கம் துடைத்தார்.

துடைத்துவிட்டு நேராக மிஷினுக்குப் போனார்.

"எண்பத்தி மூணு டீச்சர். இன்னும் கொஞ்ச நேரம்தான், வந்துரும்."

டீச்சர் கொடியில் காய்ந்த துண்டை எடுத்து வந்து திரைமேல் போட்டார். பிறகு அந்தத் தாளைத் தவசிலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

"நீங்க சொல்லுங்க."

"நானா?"

"நாற்காலியில உக்காருங்க."

உட்கார்ந்தார். தாளைப் பிடித்தார். மில்லில் ஓடிய கை, ஓடியது. "மொத வரிசை ரெண்டாவது மூணாவது நாலாவது, எது மாப்ள? ரெண்டாவதா? க் ங் ச் ஞ் ட் ண்..."

டக்.

"ண்-ணா?"

விரல் அசையவில்லை. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி தாண்டினார். தாளின் ஓரத்தில் 'ண ப ஞ' என்று ஒன்றும் சேராத எழுத்துகள் நின்றன. சங்கரபாண்டி கண்ணை மூடிக்கொண்டார்.

"அவன் தட்டவே மாட்டேங்கறான் டீச்சர்."

"தட்டுறாரு. நீங்க அதுக்குள்ள அடுத்த எழுத்துக்குப் போயிடறீங்க."

"எவ்வளவு நேரம்தான் நிக்கறது ஒரு எழுத்துல?"

"அவரோட விரலப் பாருங்க. தாளப் பாக்காதீங்க."

பார்த்தார். மூன்று மாதமாக அந்த வீட்டுக்கு வந்து போகிறார், அந்த விரலை அவர் பார்த்ததில்லை. திரையைத்தான் பார்த்திருக்கிறார். விரல் தட்டுவதற்கு முன்னால் முதலில் மணிக்கட்டில் ஒரு நரம்பு துடித்தது. பிறகு விரல் நடுங்கியது. பிறகு எழுந்தது. பிறகு விழுந்தது. ஒரு டக்குக்கு அவ்வளவு வேலை இருந்தது. காலையிலிருந்து எத்தனை தட்டு என்று கணக்கிடப் போனவர் பாதியில் விட்டுவிட்டார்.

"மொத வரிசை," என்றார். நின்றார்.

"ரெண்டாவது வரிசை." நின்றார்.

டக்.

முதல் சொல் வர கால் மணி நேரம் ஆனது. குழாய். சீனியம்மாள் எழுந்து வந்து கட்டில் தலைமாட்டில் நின்றாள். இரண்டாவது சொல்லுக்கு இன்னும் கூட நேரம் எடுத்தது. நடுவில் மூச்சு வாங்கியது, கட்டிலருகே இருந்த மூச்சு மாஸ்க்கை வைத்து எடுத்தார்கள். கடைசி எழுத்து வருமுன்னே தவசிலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. அதற்காக நிறுத்த முடியாது. தன் வாயால் அந்த எழுத்தைச் சொல்லி, விரலுக்குக் காத்திருந்து, எழுதினார்.

"வாசிங்க," என்றார் டீச்சர்.

"டீச்சர்..."

"வாசிங்க அண்ணே."

"குழாய் வேண்டாம்."

சங்கரபாண்டியின் விரல் மறுபடி எழுந்தது. தவசிலிங்கம் தொடர்ந்தார். இன்னும் ஒரு சொல்தான். வீடு.

சீனியம்மாள் தவசிலிங்கத்தைப் பார்த்தாள்.

"இது அவுக சொன்னதா, நீங்க சொன்னதா?"

"தங்கச்சி!"

"உங்க வாயிலதான வந்துச்சு? அந்தப் பொட்டி சொல்லியிருந்தா நம்புவேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் போன மாசமே, இப்படிக் கெடந்து அவஸ்தப்படறதுக்குன்னு வாசல்ல வச்சுச் சொன்னீங்க. என் காதுல விழலன்னா நெனச்சீங்க?"

சொன்னது உண்மைதான்.

டீச்சர் தவசிலிங்கத்தின் கையிலிருந்து தாளை வாங்கி, ஓரத்தில் இருந்த சொற்களைக் கிழித்து எடுத்துவிட்டு, எழுத்துகள் மட்டும் இருந்த தாளை சீனியம்மாளிடம் நீட்டினார்.

"நீங்க கேளுங்க."

அந்த நேரத்தில்தான் துண்டுக்கு அடியில் மிஷின் டிங் என்றது. ஏறி முடிந்துவிட்டது. தவசிலிங்கம் பாய்ந்து எழுந்தார். துண்டை விலக்கினார். பென்டிரைவை எடுத்துவிட்டு என்டர் தட்டவும் என்று போட்டிருந்தது. இதை மட்டும் வாசித்தார். எடுத்தார். தட்டினார்.

கறுப்பு. ஒரு வெள்ளை வரி.

துண்டை எடுத்து, அவரே, திரைமேல் போட்டார்.

சீனியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எட்டாவது வரை படித்தவள். எழுத்துகளைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முதல் சொல் முடிந்தது. குழாய். புறங்கையால் மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். நாலாவது வரிசையில் டக். வ-வில் டக். உயிரெழுத்துக்கு வந்தாள். ஏ-யில் டக். அடுத்த எழுத்துக்கு மறுபடி முதல் வரிசையைச் சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லவில்லை.

புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளை மடித்தாள். "போதும்."

"முழுசாக் கேக்கலியேம்மா," என்றார் தவசிலிங்கம்.

"கேட்டுட்டேண்ணே."

டாக்டர் நாலேகாலுக்கு வந்தார். மூடியிருந்த மிஷினைப் பார்த்துவிட்டு, "பேச்சு ஓடலியா?" என்றார்.

"ஓடல," என்றாள் சீனியம்மாள். "குழாய் வேண்டாங்கறாக. வீட்டுல இருக்கணுமாம்."

"அவரே சொன்னாரா?"

"எங்கிட்டச் சொன்னாக."

டாக்டர் குனிந்து, சங்கரபாண்டியின் கண்ணைப் பார்த்து, குழாய் வேண்டாமா என்று கேட்டார். ஒற்றைத் தட்டு. டாக்டர் வெளியே போய் மதுரைக்குப் போன் பேசினார். அந்தப் படுக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடச் சொல்வது உள்ளே கேட்டது. பெட்டியில் வைத்த சேலைகளை சீனியம்மாள் எடுத்து மறுபடி பீரோவில் வைத்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு டீச்சர் துண்டை விலக்கினார்.

"வாசிங்க."

தவசிலிங்கம் எழுத்துக் கூட்டி வாசித்தார். இந்த டிஸ்க்கில் சிஸ்டத்தைக் கிளப்பிவிட எதுவும் இல்லை என்று அர்த்தம். அவ்வளவு தெளிவாக இருந்தது. காலை ஏழு மணியிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

டீச்சர் பென்டிரைவைச் சொருகச் சொன்னார். மிஷின் ஒழுங்காகக் கிளம்பியது. பென்டிரைவ் இருந்தால் கிளம்பும், எடுத்தால் கிளம்பாது. சிஸ்டத்தை எழுப்பிவிடுகிற சின்னப் பகுதியை எங்கே வைக்கட்டும் என்று ஏற்றும்போது கடைசியில் ஒரு கேள்வி வரும். இரண்டு வரி இருக்கும். அந்த மிஷினில் முதல் வரி பென்டிரைவ், இரண்டாவது வரி உள்ளே இருக்கும் டிஸ்க். சனிக்கிழமையும் தவசிலிங்கம் முதல் வரியில் என்டர் தட்டியிருந்தார். இன்றும் தட்டியிருந்தார். சனிக்கிழமை பென்டிரைவ் சொருகியிருந்தபோதே மிஷின் கிளம்பிவிட்டதால் குறை தெரியவில்லை.

அந்தப் பகுதியை உள்ளே மாற்றி வைத்தார்கள். பேசும் மென்பொருளை ஏற்றினார்கள். பத்து நிமிஷம் ஆனது. பென்டிரைவ் இல்லாமல் மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தார் டீச்சர். மூன்று தடவையும் வந்தது.

சங்கரபாண்டி அதில் மூன்று நாள் பேசினார். நாலாவது நாள் விரலுக்குப் பொத்தானை அமுக்கும் பலம் போய்விட்டது. அதற்குப் பிறகு சீனியம்மாள் தாளைப் பிடித்துக்கொண்டு எழுத்துச் சொன்னாள், இமையைப் பார்த்து. ஒன்பதாவது நாள் மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது இமையும் நின்றது.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு, தவசிலிங்கம் அந்த மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு டயர் கடை மாடியேறி வந்தார். அடுத்து வேண்டுகிற ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி சீனியம்மாள் அனுப்பியிருந்தாள். மேஜையில் வைத்தார். உட்காரவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். கோபமாத்தான் கேப்பேன்."

"கேளுங்க."

"பத்து நிமிஷ வேலை. நீங்க வந்தவுடனே திரையப் பாத்திருந்தா, அந்த ஒரு வரிய வாசிச்சிருந்தா, ரெண்டு மணிக்கெல்லாம் ஓடியிருக்கும். அவன் முடிவ அவனே சொல்லியிருப்பான். என் வாயால சொல்ல வச்சீங்க. குழாய் வேண்டாம்னு என் வாய் சொல்லுச்சு. அந்தப் பொம்பள என்னையப் பாத்த பார்வை இருக்கே, சோத்துல கை வைக்க முடியல டீச்சர். எனக்குப் பாடம் நடத்த உங்களுக்கு அந்த நேரம்தானா கெடச்சுது?"

சுடர்க்கொடி கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு எதுவும் நான் நடத்தல அண்ணே."

"பின்ன? மிஷின் பக்கத்துல வந்தீங்க. நான் நாற்காலி போட்டேன். நீங்க அதத் திரும்பிக்கூடப் பாக்கல. ஏன்?"

"அவரு தட்டிக்கிட்டிருந்தாரு."